என் ரத்தத்தில் உள்ளதும் என் மகளுக்குப் போனதும்

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் என் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் ஊர்ச்சொத்தாயின. எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய், இருப்பது உறவினர்களுக்கு ஓரளவு தெரியும். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், 'மூத்தவளுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறாம்' என்ற செய்தி மதுரையிலிருந்து தேனி வரை போய்ச் சேர்ந்திருந்தது. பெண் பார்க்க வந்த வீட்டு அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "தப்பாக நினைக்க வேண்டாம் அக்கா. பெரியவளுக்கு இருப்பது பரம்பரையாக வருவதா? சின்னவளுக்கும் ஒரு தடவை அந்த டெஸ்ட்டை எடுத்துப் பார்த்துவிடலாமே?"

அவர் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பதில்தான் சிக்கல். 'ஆமாம்' என்றாலும் பாதிப் பொய், 'இல்லை' என்றாலும் பாதிப் பொய். நோயோடு சில ஆண்டுகள் வாழ்ந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மருத்துவருக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

எனக்கு இது சிக்குன்குனியா என்ற பெயரில்தான் வந்தது. காய்ச்சல், விரல் மூட்டுகளில் வீக்கம், காலையில் எழுந்தவுடன் பற்பசை மூடியைக்கூடத் திறக்க முடியாத விறைப்பு. அந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சிக்குன்குனியா. காய்ச்சல் விட்டபின்னும் மாதக்கணக்கில் மூட்டு வலிப்பது அந்த நோய்க்கு வழக்கம்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆனால் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பல் மருத்துவர் எதற்காகவோ வாயைத் திறக்கச் சொன்னபோது மேலண்ணத்தில் புண் இருப்பதைப் பார்த்தார். எனக்கு வலியே இல்லாததால் அது இருப்பதே தெரியாது. காலையில் சிறுநீர் நுரைத்தது.

கன்னத்தில் வந்த படையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லூபஸ் என்று தேடினால் வெள்ளைத் தோலில் சிவப்பு நிறப் பட்டாம்பூச்சி வடிவப் படங்களே வருகின்றன. என் மாநிறத் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? கருத்த பழுப்பாக, சற்றே தடித்து, கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் படர்ந்திருந்தது. 'மங்கு' என்று சொல்லி ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார்கள். அது மங்கு அல்ல என்பதற்கு ஓர் அடையாளம் இருந்தது: மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்புக் கோட்டில் மட்டும் தோல் சுத்தமாக இருந்தது. லூபஸ் படை பெரும்பாலும் அந்த மடிப்பை விட்டுவிடும். வெயிலில் போய் வந்தால் கூடுகிற படை, மூட்டு வலி, நுரைக்கும் சிறுநீர் மூன்றும் ஒன்றாக இருந்தால், எந்த நிறமாக இருந்தாலும் மூட்டுவாத நிபுணரிடம் போய்விடுங்கள். மதுரை வெயிலில் வளர்ந்த எங்களுக்கு 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்பதே ஏதோ ஆடம்பரப் பேச்சாகத் தோன்றும் என்பது வேறு விஷயம்.

நிபுணர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகளின் அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. ஏ.என்.ஏ. 1:640. இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் (கிருமிகளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம், லூபஸில் அது தன் உடம்பையே பிடிக்கிறது) மிக அதிகம். ஆன்டி ரோ, அதாவது செல்லுக்குள் இருக்கும் ரோ என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், பாசிட்டிவ். எதிர்ப்பொருளோடு சேர்ந்து வேலை செய்யும் ரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைவு. சிறுநீரில் புரதம். இவற்றில் ஏ.என்.ஏ.வைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயப்படத் தேவையில்லாததும் அதுதான்.

ஏ.என்.ஏ. என்பது நம் செல்களின் உட்கருவையே பிடிக்கிற எதிர்ப்பொருட்களின் பொதுப்பெயர். கண்ணாடிச் சில்லில் மனிதச் செல்களை ஒட்டி, அதன்மேல் நம் ரத்தச் சீரத்தை விட்டு, எதிர்ப்பொருள் ஒட்டிய இடம் பச்சையாக ஒளிர்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 1:640 என்றால் 640 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்ந்தது என்று பொருள். நோயற்றவர்களின் ரத்தத்தை வைத்து 1997இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 1:40 அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 1:80 அளவில் நூற்றில் 13 பேருக்கும், 1:160 அளவில் நூற்றில் 5 பேருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்தது. எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். ஆகவே அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து இரவெல்லாம் தூக்கம் கெடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எண்ணே போடாமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் கொடுக்கும் ஆய்வகங்கள் உண்டு. எந்த முறையில் செய்தார்கள், எந்த அளவு நீர்ப்பில் வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று: ஒரு முறை பாசிட்டிவ் என்று உறுதியான பிறகு ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. நோயின் ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. தொடர்ந்து பார்க்க வேண்டியவை டி.என்.ஏ. எதிர்ப்பொருளின் அளவு, சி3, சி4, சிறுநீர்ப் புரதம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் எடுத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்களைக் காத்திருப்பு அறையில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆய்வகத்தில் என்னிடமே 'ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்' என்று எச்.எல்.ஏ. பி27 பரிசோதனையையும் சேர்த்து விற்கப் பார்த்தார்கள். அது முதுகெலும்பைப் பிடிக்கும் வேறொரு வாத நோய்க்கானது. லூபஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பரம்பரைக்கு வருவோம்.

என் மருத்துவர் பேச நேரம் ஒதுக்குகிறவர், அது என் அதிர்ஷ்டம். தங்கையைப் பற்றி அவரிடம் கேட்டபோது, "உங்கள் உடம்பில் இருக்கும் எதிர்ப்பொருளை உங்கள் அப்பாவோ அம்மாவோ உங்களுக்குக் கொடுக்கவில்லை அம்மா. அதை நீங்களே செய்துகொண்டீர்கள்" என்றார். முதலில் எனக்கு அது பழி சொல்வதுபோல் பட்டது. அவர் சொன்னது மரபணுக் கணக்கு.

மற்ற புரதங்களுக்கு இருப்பதுபோல் எதிர்ப்பொருளுக்கு முழுமையான மரபணு என்று ஒன்றை நாம் பெற்றோரிடமிருந்து வாங்குவதில்லை. துண்டுகளாகத்தான் வாங்குகிறோம். எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கான துண்டுகள் 14ஆம் குரோமோசோமில் மூன்று வகையாகக் கிடக்கின்றன: வி வகையில் வேலை செய்யக்கூடியவை சுமார் 40, டி வகையில் 23, ஜே வகையில் 6. சிறிய சங்கிலிக்கானவை 2ஆம், 22ஆம் குரோமோசோம்களில். எலும்பு மஜ்ஜையில் ஒரு பி செல் (எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளையணு வகை) உருவாகும்போது ஒவ்வொரு வகையிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, நடுவில் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டு, எடுத்ததை ஒட்டுகிறது. மல்லிகை ஒரு குவியல், கனகாம்பரம் ஒரு குவியல், மரிக்கொழுந்து ஒரு குவியல் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கைக்கு வந்ததை எடுத்துத் தொடுப்பதுபோல. முடிச்சு விழும் இடத்தில் சில எழுத்துகள் தற்செயலாகக் கூடுகின்றன, சில குறைகின்றன. பெரிய சங்கிலியில் மட்டும் துண்டுகளைப் பெருக்கினாலே ஐயாயிரத்துக்கு மேல் வடிவங்கள் வருகின்றன. சிறிய சங்கிலியையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். முடிச்சில் நிகழும் கூட்டல் கழித்தலையும் கணக்கில் எடுத்தால் எண்ணவே முடியாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான சுசுமு டொனெகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, எலியின் கருவில் இருக்கும் டி.என்.ஏ.வையும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிக் கட்டியின் டி.என்.ஏ.வையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கருவில் தள்ளித்தள்ளி இருந்த துண்டுகள் கட்டியில் நெருங்கி வந்திருந்தன. 1976இல் வெளியான இந்த முடிவு, உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் மாறாமல் இருக்கிறது என்ற அன்றைய நம்பிக்கையை உடைத்தது. 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மனிதர் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார், நமக்கென்ன என்று இதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. என் அம்மாவின் நாற்பது, அப்பாவின் நாற்பது என்று துண்டுகள் எனக்கும் தங்கைக்கும் வந்திருக்கலாம். ஆனால் எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது என்பது அவள் எலும்பு மஜ்ஜைக்குள் தனியாக நடந்த கதை. ஒரே கரு இரட்டையராக இருந்தால்கூட இந்தக் கதை வேறு வேறுதான்.

இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் தன் உடம்பையே பிடிக்கும் எதிர்ப்பொருளும் வரத்தானே செய்யும்? வருகிறது. 2003இல் நியூயார்க்கில் செய்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் மஜ்ஜையில் புதிதாகப் பிறக்கும் பி செல்களில் பாதிக்கு மேல் தன்னுடலைப் பிடிக்கக்கூடியவை என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை வெளியே வருவதற்கு முன் தடுக்கப்படுகின்றன. சிலவற்றுக்கு மறுவாய்ப்புக் கிடைக்கிறது, வேறு துண்டை எடுத்து மாற்றிக்கொள்கின்றன. மற்றவை அழிக்கப்படுகின்றன அல்லது முடக்கப்படுகின்றன. ஆக, தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் உருவாவது எல்லோருக்கும் பொது. அதை வடிகட்டுவதில்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பிசகு.

வடிகட்டித் தப்பி வந்த பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது. நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருள் மரபணுவைத் தாங்களே எழுத்து எழுத்தாக மாற்றிப் பார்க்கின்றன. கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதற்கான ஏற்பாடு இது. இதே வேலையில் சில எதிர்ப்பொருட்கள் டி.என்.ஏ.வைப் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் சுமை. எதிர்ப்பொருளின் நுனியில் ஆர்ஜினின் என்ற நேர்மின் சுமை கொண்ட அமினோ அமிலம் வந்து சேர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. லூபஸ் நோயாளிகளின் இத்தகைய சில எதிர்ப்பொருட்களை ஆய்வகத்தில் பின்னோக்கித் திருத்தி, பெற்றோரிடமிருந்து வந்த மூல வடிவத்துக்குக் கொண்டுபோனபோது அவை டி.என்.ஏ.வைப் பிடிக்கவில்லை. மருத்துவர் 'நீங்களே செய்துகொண்டீர்கள்' என்றதன் பொருள் இதுதான்.

அப்படியானால் பரம்பரை என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எதிர்ப்பொருள் வருவதில்லை, அதை அடக்கி வைக்கும் ஏற்பாட்டின் பலவீனங்கள் வருகின்றன. லூபஸோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கு மேல் தெரிந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒவ்வொன்றாக எடுத்தால் அற்பம். பெரிய பங்கு 6ஆம் குரோமோசோமில் இருக்கும் எச்.எல்.ஏ. பகுதிக்கு. புரதத் துண்டுகளைத் தூக்கி, எதிர்ப்பை நடத்தும் இன்னொரு வெள்ளையணு வகையான டி செல்களுக்குக் காட்டுவது அந்த மரபணுக்களின் வேலை. அதில் டி.ஆர்.3 என்ற வடிவம் இருப்பவர்களுக்கு, எனக்கு இருப்பதுபோன்ற ஆன்டி ரோ வருவதற்கான வாய்ப்பு கூடுதல். அதே பகுதியில்தான் சி4 மரபணுவும் இருக்கிறது. செத்த செல்களின் குப்பையை அள்ளுவதற்கு சி1க்யூ, சி4 போன்ற புரதங்கள் தேவை. குப்பை தேங்கினால் அதிலுள்ள டி.என்.ஏ. வெளியே கிடக்கும். சி1க்யூ பிறவியிலேயே முற்றிலும் இல்லாத மிகச் சிலருக்கு லூபஸ் ஏறக்குறைய நிச்சயம். வெயில் ஏன் ஆகாது என்பதும் இங்கே விளங்கும்: புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொல்கிறது, குப்பை கூடுகிறது.

லூபஸ் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, எக்ஸ் குரோமோசோமுக்கும் உண்டு. டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸில் இருக்கிறது. பெண்களின் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்திருக்க வேண்டும், ஆனால் இந்த மரபணு சில செல்களில் அணையாமல் தப்பிவிடுகிறது. கூடுதலாக ஓர் எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வாய்ப்பு பெண்களுக்கு இருப்பதை ஒட்டியே இருக்கிறது. ஏழு வயதிலேயே லூபஸ் கண்டறியப்பட்ட ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியிடம் இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததை 2022இல் வெளியிட்டார்கள். அதுபோல் ஒற்றை மரபணுவால் வருவது மிக அரிது. 'பெண்ணாகப் பிறந்ததே காரணமா?' என்று எங்கள் அத்தை ஒருமுறை கேட்டார். பாதி சரியான கேள்வி.

இரட்டையர் கணக்கைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். 1992இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 24 ஜோடிகளில். இரு கரு இரட்டையரில் நூற்றுக்கு 2. மரபணு அச்சாக ஒன்றாக இருந்தும் நான்கில் மூன்று பங்கு தப்பிவிடுகிறது. உடன்பிறப்புக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு பல மடங்கு கூடுதல் என்பது உண்மை. ஆனால் மிகச் சிறிய எண்ணைப் பல மடங்காக்கினாலும் சிறிய எண்தான் வருகிறது.

தங்கைக்குப் பரிசோதனை எடுக்கலாமா என்பதற்கு மருத்துவர் சொன்ன பதில்: "அறிகுறி இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம்." எதிர்ப்பொருள் நோய்க்கு முன்னாலேயே வரும் என்பதும் உண்மை. அமெரிக்க ராணுவத்தினரிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னாளில் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், லூபஸ் வந்த 130 பேரில் 115 பேருக்கு நோய் கண்டறியப்படும் முன்பே ஏதாவதொரு எதிர்ப்பொருள் இருந்தது, சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக. இதைக் கேட்டால் உடனே ஓடிப்போய் எடுக்கத் தோன்றும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: எதிர்ப்பொருள் இருக்கும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, நோயாளிகளின் உறவினர்களிடம் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் இன்னும் சாதாரணம். பாசிட்டிவ் வந்தால் அவளுக்கு மருந்து கொடுக்கப்போவதில்லை. நெகட்டிவ் வந்தால் அது நாளைக்கு உத்தரவாதமும் இல்லை. நடுவில் ஒரு கல்யாணம் நிற்கும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அவளுக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது: மூட்டு வீக்கம், வெயில் படை, வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், நுரைக்கும் சிறுநீர் ஏதாவது வந்து சில வாரம் நீடித்தால் சொல். அந்த வரன் தள்ளிப்போனது. வேறு இடத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் முடித்தோம். மாப்பிள்ளை பொறியாளர், இரட்டையர் கணக்கைக் கேட்டதும் தலையாட்டிவிட்டார்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதி, கர்ப்பம்.

சிறுநீரகத் திசுப் பரிசோதனைக்குப் பிறகு எனக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைகோஃபெனோலேட் என்ற மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கருவுக்கு ஆகாத மருந்து. குழந்தை வேண்டும் என்ற எண்ணம் வந்த அன்றே சொல்லிவிட வேண்டும், நாள் தள்ளிப்போன பிறகு சொன்னால் தாமதம். எனக்கு அதை நிறுத்தி அசதையோபிரினுக்கு மாற்றி, நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது. மலேரியாவுக்கு வந்து லூபஸுக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார்கள். மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, ஒன்றுவிட்ட சித்தி என்று எல்லோரும் 'மாசமாக இருக்கும்போது மலேரியா மாத்திரையா?' என்று முகம் சுளித்தார்கள். அந்த மாத்திரை நிற்கும்போதுதான் நோய் எழுகிறது.

ஆன்டி ரோ பாசிட்டிவ் என்று என் அறிக்கையில் இருந்ததை இங்கேதான் கவனிக்க வேண்டும். ஐஜிஜி வகை எதிர்ப்பொருட்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தையைக் கிருமிகளிடமிருந்து முதல் சில மாதங்கள் காப்பாற்றத்தான் இயற்கை அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. என் உடம்பில் நல்லதோடு கெட்டதும் சேர்ந்து அதே வழியாகப் போகிறது. ஆன்டி ரோ உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அது இதயத்தின் மின்கடத்தும் பாதையைப் பாதித்து இதய அடைப்பு உண்டாக்கும். இது ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. துடிப்புக்கான மின் சைகை மேலறையிலிருந்து கீழறைக்குப் போகாமல் நிற்பது. முழு அடைப்பு வந்துவிட்டால் திரும்பாது. அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். ஆபத்தான காலம் பெரும்பாலும் 16ஆம் வாரத்திலிருந்து 26ஆம் வாரம் வரை. முதல் குழந்தைக்கு அப்படி வந்திருந்தால் அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 16, 18 என்று உயர்கிறது. ஹைட்ராக்ஸி குளோரோகுயின் எடுத்த தாய்மாரிடம் அது பாதிக்கும் கீழே குறைந்ததை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஆகவே லூபஸ் இருக்கும் எந்தப் பெண்ணும் கருத்தரிக்கும் முன் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: ஆன்டி ரோ பார்த்தாயிற்றா? ரத்தம் உறைவைக் கூட்டும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருட்கள் பார்த்தாயிற்றா? பாசிட்டிவ் என்றால் கருவின் இதயத்துக்கான எக்கோ எங்கே, எந்த வாரத்தில் எடுப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். சாதாரண ஸ்கேன் மையத்தில் அதைச் செய்யமாட்டார்கள்.

என் மகளின் இதயம் ஒழுங்காகத் துடித்தது. பிறந்து சில வாரம் கழித்து வேறொன்று வந்தது. எங்கள் மாமியார் வீட்டில் பச்சைக் குழந்தையை இளவெயிலில் காட்டுவது கட்டாயம். மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று அத்தை தினமும் காலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவார். கண்ணைச் சுற்றி வட்டவட்டமாகப் படை வந்தது, கண்ணாடி போட்டதுபோல். 'கரப்பான்' என்றார்கள், எண்ணெய் காய்ச்சவும் ஏற்பாடு நடந்தது. படத்தை மருத்துவருக்கு அனுப்பியதும், "வெயிலில் காட்டாதீர்கள், நாளைக்கே கூட்டி வாருங்கள்" என்று பதில் வந்தது. என் ரோ எதிர்ப்பொருள் அவள் தோலில் வேலை செய்துகொண்டிருந்தது. ஈசிஜி, ரத்த அணுக்கள், கல்லீரல் எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தன. மருந்து எதுவும் பெரிதாக இல்லை. மாதங்கள் போகப்போக என் எதிர்ப்பொருள் அவள் ரத்தத்திலிருந்து தேய்ந்து தீர்ந்தது. ஆறேழு மாதத்தில் தடம்கூட இல்லை. அத்தை பாவம், தன்னால்தான் வந்ததென்று அழுதார். அவர் மேல் பிழையில்லை, அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெண் பார்க்க வந்த அம்மாளின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முழு விடை என் மகள்தான். எதிர்ப்பொருளாக நான் அவளுக்குக் கொடுத்தது அவள் உடம்பில் சில மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மரபணுவாகக் கொடுத்தது ஆயுளுக்கும் இருக்கும், ஆனால் அது பேசாமலே இருந்துவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். முன்னது நோயைப் போலத் தெரிந்தும் நோயாக நிலைக்கவில்லை. பின்னதை எந்த அறிக்கையும் காட்டாது.

மருந்து விஷயத்தில் ஒன்றிரண்டு. 2020இல் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸி குளோரோகுயின் கேட்கும் என்று பேச்சு கிளம்பியதும் கடைகளில் அது மாயமானது. நான் தெப்பக்குளத்திலிருந்து தல்லாகுளம் வரை கடை கடையாக அலைந்திருக்கிறேன். அப்போதிலிருந்து இரண்டு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டைக் கைபேசியில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று வரும் பொடி, கஷாயம், மாத்திரைகளை நான் தொடுவதில்லை. எனக்கு அந்தச் சக்தி ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. குறிப்பாக அல்ஃபால்ஃபா மாத்திரை லூபஸைத் தூண்டும் என்பது பழைய செய்தி. ஸ்டீராய்டை யாருடைய பேச்சையும் கேட்டுத் திடீரென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

சென்ற முறை போனபோது மருத்துவரிடம் ஜெர்மனிச் செய்தியைப் பற்றிக் கேட்டேன். எர்லாங்கன் நகர மருத்துவமனையில் 2021இல், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் இருந்த இருபது வயதுப் பெண்ணுக்கு, ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் கார்-டி சிகிச்சையைச் செய்தார்கள். அவருடைய டி செல்களையே எடுத்து மரபணு மாற்றி, பி செல்களை அழிக்க அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஐந்து பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூறு நாட்களுக்குப் பின் பி செல்கள் திரும்பி வந்தன, ஆனால் லூபஸ் திரும்பவில்லை. அதே பெற்றோர் கொடுத்த அதே துண்டுகள், மஜ்ஜையில் புதிதாக எடுத்துப் புதிதாகத் தொடுக்கப்பட்டிருந்தன. மரபணு மாறவில்லை, எதிர்ப்பொருள் மாறியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சற்று மயிர்க்கூச்செறிந்தது.

"எனக்கும் செய்யலாமா டாக்டர்?" என்றேன்.

"உங்கள் நோய் சில ரூபாய் மாத்திரையில் அடங்கி இருக்கிறது. அது எதிலும் அடங்காதவர்களுக்கு" என்றவர் கோப்பைப் புரட்டினார். "கண் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள்?"

ஹைட்ராக்ஸி குளோரோகுயின் விழித்திரையில் படியலாம். பழுது வந்தால் திரும்பாது. எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு முறை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அதற்கு முன்பிருந்தே என்று கண் மருத்துவரிடம் விழித்திரை ஸ்கேனும் பார்வைப் புலப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். வெறும் கண்ணாடிப் பவர் பார்ப்பது போதாது. 'இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த ஸ்கேனை எடுப்பார்கள். எனக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.